பழைய நெறிமுறை நின்ற நாளும் உடைந்த சோதனைகளும்

(சிட்னியின் மேற்குப் புறநகர் நூலக அரங்கொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே வந்திருப்பவர்களில் பாதிப்பேர் கணினித் துறையில் வேலை செய்கிறவர்கள். மீதிப்பேரில் பலர் அவர்களுடைய அப்பா அம்மா. இருசாராருக்கும் சேர்த்துத்தான் பேசப்போகிறேன். இந்த விஷயம் அலுவலகத்தில் தொடங்கினாலும் வீட்டில் இருக்கும் கைபேசிவரை வருகிறது.

2021 ஏப்ரலில் ஜாவாவுக்கு வழக்கமான காலாண்டுப் புதுப்பிப்பு வந்தது. அதன் அமைப்புக் கோப்பு ஒன்றில், பயன்படுத்தக்கூடாதவை என்ற பட்டியலில் இரண்டு பெயர்கள் புதிதாக ஏறியிருந்தன: டிஎல்எஸ் 1.0, டிஎல்எஸ் 1.1. நிரலாளர் யாரும் தம் நிரலில் ஒரு வரியைக்கூடத் தொடவில்லை. ஆனாலும் புதிய பதிப்பை ஏற்றிய குழுக்களில், நிரல் சரியாக ஓடுகிறதா என்று தானாகப் பார்க்கும் டெஸ்ட்களில், முந்தின நாள்வரை பச்சையாகத் தேறியவை வரிசையாகச் சிவப்பாயின. பழைய மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தோடு பேசும் டெஸ்ட், பழைய மின்னஞ்சல் சர்வரோடு பேசும் டெஸ்ட், பல ஆண்டுகளாக யாரும் திறந்து பார்க்காத ஏதோ ஓர் இணைப்பைத் தொட்டுப் பார்க்கும் டெஸ்ட். பொருத்தமான நெறிமுறை இல்லை என்ற ஒரே பிழைச்செய்தி எல்லாவற்றிலும்.

அதற்கான கைவைத்தியமும் உடனே பரவியது. அந்தக் கோப்பைத் திற, அந்த இரண்டு பெயர்களையும் அழி, மறுபடி ஓட்டு. டெஸ்ட் பச்சையாகிவிடும்.

அப்படி அழிக்கும் கையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். சிவப்பான ஒரு டெஸ்ட் நம்மிடம் ஏதோ சொல்ல வருகிறது. அதைக் கேட்காமல் வாயை மூடினால், அதே செய்தி பிறகு வேறு யாரிடமோ, வேறு நேரத்தில், மிகக் கொடிய வடிவில் போய்ச் சேரும். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. இந்த ஊரிலேயே அதற்கு உதாரணம் இருக்கிறது, வருகிறேன்.

முதலில் டிஎல்எஸ் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். வங்கியின் பக்கத்தைத் திறக்கிறீர்கள். உங்கள் கைபேசிக்கும் வங்கியின் சர்வருக்கும் நடுவே காபிக்கடை வைஃபை, தொலைபேசி நிறுவனம், கடலடிக் கம்பி என்று எத்தனையோ கைகள். அந்தக் கைகளில் எதுவும் படிக்கவோ மாற்றவோ முடியாதபடி பேச்சைக் குறியாக்கி அனுப்பும் ஒழுங்குமுறைதான் டிஎல்எஸ். பேச்சு தொடங்குமுன் இருபுறமும் கைகுலுக்கிக்கொள்ளும். எனக்கு இந்தந்தப் பதிப்புகள் தெரியும் என்று ஒருபுறம் சொல்லும். அப்படியானால் இதில் பேசுவோம் என்று மறுபுறம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். இதன் மூதாதை, நெட்ஸ்கேப் 1995இல் வெளியிட்ட எஸ்எஸ்எல் 2.0. மறு ஆண்டே 3.0 வந்தது. பிறகு பெயர் மாறி, 1999இல் டிஎல்எஸ் 1.0, 2006இல் 1.1, 2008இல் 1.2, 2018இல் 1.3.

ஆஸ்திரேலியாவில் வாழும் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு வரலாறு இதில் உண்டு. 1990களில் அமெரிக்க அரசு வலுவான குறியாக்கத்தைப் போர்த்தளவாடங்களின் பட்டியலில் வைத்திருந்தது. வெளிநாட்டுக்குப் போகும் பிரவுசரில் 40 பிட் சாவிதான் இருக்கலாம் என்பது அப்போதைய நிலை. அந்தச் சட்டத்துக்கு அப்பால், பிரிஸ்பேன் நகரில், எரிக் யங், டிம் ஹட்சன் என்ற இருவர் நெட்ஸ்கேப் வெளியிட்ட விவரக்குறிப்பைப் படித்துத் தாங்களே ஒரு நிரல் நூலகத்தை எழுதி எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள். எஸ்எஸ்எல்இஏஒய் என்று அதற்குப் பெயர். 1998 இறுதியில் அவர்கள் ஆர்எஸ்ஏ நிறுவனத்துக்குப் போனபின் வேறு சிலர் அதைக் கையிலெடுத்தார்கள். அதுதான் இன்றைய ஓபன்எஸ்எஸ்எல். உலகின் பெருவாரியான இணைய சர்வர்களில் ஓடுகிற நூலகத்தின் வேர் குயின்ஸ்லாந்தில் இருக்கிறது.

அந்த அமெரிக்கச் சட்டம் 2000ஆம் ஆண்டையொட்டித் தளர்ந்துவிட்டது. ஆனால் அந்தச் சட்டத்துக்காகச் சேர்த்த வலுவற்ற சாவிகளை நிரல்களிலிருந்து யாரும் முழுமையாக எடுக்கவில்லை. பழைய கருவி ஏதாவது கேட்டால் கொடுக்கலாமே என்று விட்டுவைத்தார்கள். 2015 மார்ச்சில் ஃப்ரீக் என்ற தாக்குதலை ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். நடுவில் இருப்பவன் கைகுலுக்கலில் தலையிட்டு, இரண்டு புதிய கருவிகளையும் அந்த வலுவற்ற சாவிகளில் ஒன்றான 512 பிட் ஆர்எஸ்ஏ சாவிக்கு இறக்கிவிட முடிந்தது. சட்டம் செத்துப் பதினைந்து ஆண்டான பிறகும் அதன் மிச்சம் மக்களைக் காட்டிக்கொடுத்தது.

அதற்கு ஐந்து மாதம் முன்பு, 2014 அக்டோபரில், பூடில் தாக்குதல் வெளியானது. அதன் கதை இன்னும் தெளிவானது. அன்றைய பிரவுசர்கள் புதிய பதிப்பில் கைகுலுக்கிப் பார்க்கும். தோற்றால், எதிரே இருப்பது ஏதோ பழைய சர்வர் போலும் என்று நினைத்து ஒரு படி இறங்கும். மறுபடி தோற்றால் இன்னொரு படி. அப்படியே எஸ்எஸ்எல் 3.0வரை வந்துவிடும். தாக்குபவன் செய்ய வேண்டியதெல்லாம் முதல் இரண்டு மூன்று கைகுலுக்கல்களைக் கெடுப்பதுதான். பதினெட்டு வயதான ஒரு நெறிமுறைக்குப் பிரவுசர் தானே இறங்கி வந்து நிற்கும்.

இந்த இரண்டு கதைகளிலும் பொதுவான ஒன்றைக் கவனியுங்கள். பழைய நெறிமுறை பெருவழியில் இருக்கவில்லை. அன்றாடப் பேச்சு முழுவதும் புதியதில்தான் நடந்தது. ஏதாவது தவறினால் மட்டும் இறங்கிப்போகும் பாதை ஒன்று இருந்தது; பழையது அந்தப் பாதையில் உட்கார்ந்திருந்தது. அங்கே யாரும் வழக்கமாகப் போவதில்லை என்பதால் அது அங்கே இருப்பதே யாருக்கும் தெரியவில்லை.

அதனால்தான் பழையதை இயல்புநிலையில் முடக்குவது என்ற முடிவுக்கு உலகம் வந்தது. இயல்புநிலை என்று நான் சொல்வது, யாரும் எதையும் மாற்றாதபோது நிரல் தானாக எடுத்துக்கொள்ளும் அமைப்பை. பெரும்பாலானோர் அதை ஒருபோதும் மாற்றுவதில்லை. ஆகவே இயல்புநிலையை முடிவு செய்பவர்தான் கோடிக்கணக்கானோரின் பாதுகாப்பை முடிவு செய்கிறார். 2018 அக்டோபரில் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மொசில்லா நான்கும் ஒரே நேரத்தில் அறிவித்தன: 2020இன் முற்பகுதியில் டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டையும் எங்கள் பிரவுசர்கள் ஏற்காது. லினக்ஸ் பக்கத்தில் டெபியனின் பஸ்டர் பதிப்பு 2019இலேயே டிஎல்எஸ் 1.2ஐக் குறைந்தபட்சமாக்கியது. ரெட் ஹேட் அதே ஆண்டு முழு இயங்குதளத்துக்கும் ஒரே குறியாக்கக் கொள்கை என்ற ஏற்பாட்டோடு வந்தது. 2021 மார்ச்சில் இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் இரண்டு பதிப்புகளையும் முறைப்படி ஓய்வுபெறச் சொன்னது. அடுத்த மாதம் ஜாவா.

நடுவில் நடந்த ஒன்றைத் தாண்டிப்போக எனக்கு மனம் வரவில்லை. சொன்னபடியே 2020 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ் 74 பழையதை முடக்கி வெளிவந்தது. அதே வாரம்தான் கொரோனாவை உலகப் பெருந்தொற்று என்று அறிவித்தார்கள். நோய்த்தகவல் தந்துகொண்டிருந்த சில அரசுத் தளங்கள் பழைய டிஎல்எஸ்ஸில் இருந்ததால் திறக்கவில்லை. மொசில்லா சில நாளில் முடிவைப் பின்வாங்கி, பழையதை மறுபடி திறந்துவிட்டது. ஜூன் இறுதியில் வந்த 78ஆம் பதிப்பில்தான் மறுபடி மூடியது. அந்தப் பின்வாங்கல் சரியென்றே நினைக்கிறேன். ஏன் திறக்கிறோம் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள், யாருக்காக என்று சொன்னார்கள், சில மாதங்களில் மூடினார்கள். ஜாவாவின் கோப்பில் இரண்டு பெயர்களை அழிக்கும் கை இந்த மூன்றில் எதையும் செய்வதில்லை. அழித்த அமைப்பு ஒரு டாக்கர் படிமத்துக்குள் போகும். அந்தப் படிமம் டெஸ்ட்டிலிருந்து உற்பத்திச் சூழலுக்குப் போகும். இரண்டு ஆண்டு கழித்து அதை எழுதியவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். அந்தப் பெயர்கள் ஏன் இல்லை என்று கேட்டால் சொல்ல ஆள் இருக்காது.

இனி உடைந்த டெஸ்ட்களுக்கு வருவோம். துறைக்காரர்கள் சற்று நிமிர்ந்து உட்காருங்கள்.

சில டெஸ்ட்கள் தற்செயலாக உடைந்தவை. பத்து ஆண்டுக்கு முன் யாரோ சோதனைக்கென்று ஒரு சான்றிதழ் செய்து நிரல்களோடு சேர்த்துப் போட்டிருப்பார். 1024 பிட் ஆர்எஸ்ஏ சாவி, கையொப்பம் எஸ்எச்ஏ-1 என்ற பழைய முறையில். டெபியனின் புதிய பாதுகாப்பு நிலை 2048க்குக் குறைந்த ஆர்எஸ்ஏ சாவியை ஏற்காது. சாவி சிறியது என்ற பிழையோடு நூறு டெஸ்ட்கள் விழும். புதிய சான்றிதழ் ஒன்று செய்து வைத்தால் தீர்ந்தது. இதில் பேச அதிகம் இல்லை.

இன்னொரு வகை எனக்கு எப்போதுமே வருத்தம் தருவது. பைத்தானின் எஸ்எஸ்எல் தொகுதியில், இருபுறமும் அறிந்த உயர்ந்த பதிப்பில் பேசு என்பதற்கான அமைப்புக்கு எஸ்எஸ்எல்வி23 என்ற பழைய பெயரே நெடுங்காலம் இருந்தது. டிஎல்எஸ்வி1 என்ற அமைப்பு, சரியாக 1.0இல் மட்டும் பேசு என்று கட்டிப்போடுவது. 2014இல் பூடில் வந்தபோது, எஸ்எஸ்எல் என்ற பெயரைக் கண்டாலே ஆபத்து என்று நினைத்த பலர் முதலாவதை நீக்கிவிட்டு இரண்டாவதைப் போட்டார்கள். அன்று அவர்கள் செய்தது பாதுகாப்பு வேலை. அக்கறையோடுதான் செய்தார்கள். ஆனால் அந்த வரிதான் நிரலை 1.0இல் ஆணியடித்து வைத்து, 1.0 நின்ற நாளில் டெஸ்ட்டைச் சிவப்பாக்கியது. ஒரு குறிப்பிட்ட பதிப்பின் பெயரை நிரலில் எழுதும்போது, அது நிற்கப்போகும் நாளையும் நாமே எழுதிவைக்கிறோம். குறைந்தபட்சம் எது என்று எழுதினால் போதும். உயர்ந்தது எது என்பதை நூலகம் பார்த்துக்கொள்ளும்.

இவற்றைவிட எனக்குக் கவலை தருபவை உடையாத டெஸ்ட்கள். உடைய வேண்டியவை உடையாமல் பச்சையாகவே நிற்பவை. ஒரு டெஸ்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: காலாவதியான சான்றிதழை நம் நிரல் மறுக்கிறதா என்று பார்ப்பது அதன் வேலை. இணைப்புத் தோற்க வேண்டும், தோற்றால் டெஸ்ட் தேறியது. டெஸ்ட்டுக்குள் இருக்கும் சின்ன சர்வர் 1.0இல் மட்டும் பேசுவது. நேற்றுவரை கைகுலுக்கல் நடந்தது, சான்றிதழ் வந்தது, தேதி பார்த்தோம், மறுத்தோம், பச்சை. இன்று 1.0 முடக்கப்பட்டுவிட்டது. கைகுலுக்கல் முதல் அடியிலேயே தோற்கிறது. சான்றிதழ் வந்து சேரவே இல்லை. ஆனால் இணைப்புத் தோற்றதா? தோற்றது. அப்படியானால் பச்சை. நாளைக்கே ஒருவர் தேதி பார்க்கும் நிரலைத் தவறுதலாக நீக்கினாலும் இந்த டெஸ்ட் பச்சையாகவே இருக்கும். சிவப்பானவற்றை எல்லாரும் ஓடிப்போய்ப் பார்ப்பார்கள். இதை யார் பார்ப்பார்? எனவே என் வேண்டுகோள்: தோல்வியை எதிர்பார்க்கும் டெஸ்ட் எதுவானாலும், தோல்விக்கான காரணத்தையும் அது எதிர்பார்க்க வேண்டும். சான்றிதழ் காலாவதி என்ற பிழைதான் வர வேண்டும். வேறு பிழை வந்தால் அது சிவப்பு.

இதற்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது. டெபியனிலும் உபுண்டுவிலும் இந்த முடக்கம் வந்தபோது பைத்தானின் சொந்த எஸ்எஸ்எல் டெஸ்ட்களே உடைந்தன. டிஎல்எஸ் 1.0 இருக்கிறதா என்று நூலகத்தைக் கேட்டால் இருக்கிறது என்று பதில் வரும். அது தொகுக்கப்பட்ட காலத்து உண்மை. ஆனால் இயங்குதளத்தின் கொள்கை, பயன்படுத்தாதே என்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்து, இந்த இயந்திரத்தில் இந்தப் பதிப்பு உண்மையிலேயே பேச முடியுமா என்று கேட்டுவிட்டு, முடியாவிட்டால் டெஸ்ட்டைத் தாண்டிப்போகும்படி பைத்தான் குழு மாற்றியது. சரியான திருத்தம்தான். ஆனால் தாண்டிப்போனதோடு நிறுத்திக்கொள்ளும் குழுக்களை நிறையப் பார்க்கிறேன். பழையது ஏற்கப்படுகிறதா என்று பார்த்த டெஸ்ட்டை எடுத்தால், அந்த இடத்தில் பழையது மறுக்கப்படுகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் வர வேண்டும். இல்லாவிட்டால், யாராவது ஒருநாள் அந்த இரண்டு பெயர்களை அழிக்கும்போது சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள்.

இந்த வேலையை நன்றாகச் செய்பவர்களைப் பார்க்க நாம் தொலைவு போக வேண்டியதில்லை. மெல்போர்னைச் சேர்ந்த டேமியன் மில்லர், ஓபன்எஸ்எஸ்எச்சின் முதன்மைப் பராமரிப்பாளர்களில் ஒருவர். சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழைய நாம் தினமும் பயன்படுத்தும் நிரல் அது. 1999இல் ஓபன்பிஎஸ்டிக்கென்று எழுதப்பட்டதை லினக்ஸ் முதலான மற்ற இயங்குதளங்களுக்குக் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

டிஎஸ்ஏ என்ற சாவி வகையை அவர்கள் அகற்றிய விதத்தைப் பாருங்கள். எஸ்எஸ்எச் நெறிமுறையில் அதன் அந்தரங்கச் சாவி 160 பிட்டைத் தாண்ட முடியாது, கையொப்பம் எஸ்எச்ஏ-1. 2015 ஆகஸ்டில் வந்த 7.0 பதிப்பில் இயல்புநிலையில் முடக்கினார்கள். வேண்டுமென்பவர் தாமாக இயக்கிக்கொள்ளலாம். 2024 ஜனவரியில் கால அட்டவணையோடு அறிவிப்பு வந்தது. மார்ச்சில், தொகுக்கும்போது விடுத்துவிடக்கூடியதாக ஆக்கினார்கள். ஜூலையில் வந்த 9.8இல், கேட்டாலொழிய தொகுக்கப்படாது என்றானது. 2025 ஏப்ரலில் வந்த 10.0இல் நிரலிலிருந்தே நீக்கினார்கள். பத்து ஆண்டு. ஒவ்வொரு படியிலும் யாருக்கு உடையும் என்று முன்கூட்டியே சொல்லி, உடைந்தவர் குரல் கொடுக்க இடம்விட்டு, அடுத்த படி.

அவர்களுடைய டெஸ்ட்கள் இத்தனை மாற்றத்துக்கும் ஈடுகொடுத்ததற்கு ஓர் எளிய காரணம் இருக்கிறது. சாவி வகைகளின் பட்டியலை டெஸ்ட்டுக்குள் எழுதிவைப்பதில்லை. நீ எந்தெந்த வகைகளை ஏற்கிறாய் என்று எஸ்எஸ்எச் நிரலையே கேட்கிறார்கள். வரும் பதிலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் டெஸ்ட் ஓடுகிறது. ஒன்று போனால் அதற்கான டெஸ்ட் தானாகப் போகும். புதிதாக ஒன்று வந்தால் அதற்கும் தானாக டெஸ்ட் வரும். இருபது ஆண்டு தாங்கும் டெஸ்ட் எழுத விரும்பும் இளைஞர்களுக்கு நான் காட்டும் முதல் நிரல் இதுதான்.

அவ்வளவு கவனமாகச் செய்தும் வலி இல்லாமல் போகவில்லை. 2021 செப்டம்பரில் வந்த 8.8 பதிப்பில், எஸ்எச்ஏ-1 கொண்டு போடும் ஆர்எஸ்ஏ கையொப்பத்தை முடக்கினார்கள். ஐம்பதாயிரம் அமெரிக்க டாலருக்கும் குறைந்த செலவில் எஸ்எச்ஏ-1ஐ ஏமாற்ற முடியும் என்ற நிலை வந்துவிட்டது என்று ஒன்றரை ஆண்டு முன்பே, 8.2இன் குறிப்பிலேயே எச்சரித்திருந்தார்கள். ஆனாலும் 2018க்குப் பின் புதுப்பிக்கப்படாத ஜேஎஸ்சிஎச் என்ற ஜாவா நூலகத்தை நம்பியிருந்த எத்தனையோ கருவிகள் நின்றன. பழைய ரவுட்டர்களுக்குள் நுழைய முடியவில்லை. சாவியே செல்லாது போலிருக்கிறது என்று பலர் புதுச்சாவி செய்யப் போனார்கள். உண்மையில் அதே ஆர்எஸ்ஏ சாவி செல்லும். எஸ்எச்ஏ-2 கொண்டு கையொப்பமிடத் தெரியாத நூலகம்தான் செல்லாது. பிழைச்செய்தி அதைப் புரியும்படி சொல்லவில்லை என்பது என் மனக்குறை. உடைப்பவர்கள் பிழைச்செய்தி எழுதுவதில் இன்னும் கொஞ்ச நேரம் செலவிட வேண்டும்.

இப்போது, முன்பு சொன்ன உதாரணத்துக்கு வருகிறேன். கணினித் துறை சாராதவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும்.

2024 அக்டோபர் 28 அன்று டெல்ஸ்ட்ரா, ஆப்டஸ் ஆகிய தொலைபேசி நிறுவனங்கள் இரண்டும் தங்கள் 3ஜி வலையமைப்பை நிறுத்தத் தொடங்கின. வோடஃபோன் அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே முடித்திருந்தது. இதுவும் பழைய நெறிமுறை ஒன்றை நிறுத்துவதுதான். டெல்ஸ்ட்ரா முதலில் ஜூன் 30 என்றது, பிறகு ஆகஸ்ட் 31, பிறகு அக்டோபர் 28. ஏன் இத்தனை தள்ளிவைப்பு? பல கைபேசிகள் அன்றாட அழைப்புக்கு 4ஜியைப் பயன்படுத்தின. ஆனால் டிரிபிள் ஜீரோ என்ற அவசர உதவி எண்ணை அழைத்தால் மட்டும் 3ஜிக்கு இறங்கின. வைத்திருப்பவருக்கு அது தெரிய வழியில்லை. திரையில் 4ஜி என்று இருக்கும், மகளோடு பேசலாம், படம் பார்க்கலாம், எல்லாம் நடக்கும். ஆம்புலன்ஸ் வேண்டும்போதுதான் நடக்காது. 3498 என்ற எண்ணுக்கு 3 என்று குறுஞ்செய்தி அனுப்பி உங்கள் கைபேசி தப்புமா என்று பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு வந்தது நினைவிருக்கும். அவசர அழைப்புச் செய்ய முடியாத கைபேசிகளைத் தங்கள் வலையமைப்பிலிருந்து தடுத்தே ஆக வேண்டும் என்று நிறுவனங்களுக்கு விதியும் வந்தது. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் வாங்கிய கைபேசியோடு பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோரை இந்த விதி நேராகவே தொடுகிறது. நல்ல கைபேசி, ஊரில் ஓடுகிறது, இங்கே ஏன் தடுக்கிறார்கள் என்று கோபப்பட்டவர்களை நான் அறிவேன். காரணம் இதுதான்.

அத்தோடு முடியவில்லை. ஓராண்டு கழித்து, 2025 அக்டோபரில், பழைய சாம்சங் கைபேசிகள் சிலவற்றில் இன்னொரு பாதை வெளிப்பட்டது. டெல்ஸ்ட்ராவும் ஆப்டஸும் கிடைக்காத இடத்தில், வோடஃபோன் வலையமைப்பு மட்டும் இருக்கும்போது, அந்தக் கைபேசிகள் அவசர அழைப்புக்கு வோடஃபோனின் 3ஜியைத் தேடும்படி அமைக்கப்பட்டிருந்தன. அந்த 3ஜி நின்று ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. நகரத்தில் ஒரு மேசையில் வைத்துச் சோதித்தால் இது தெரியவே தெரியாது. மூன்று வலையமைப்பும் கிடைக்குமே. இரண்டை மறைத்துவிட்டு மூன்றாவதை மட்டும் விட்டுச் சோதித்தால்தான் தெரியும். சில மாதிரிகளுக்கு மென்பொருள் புதுப்பிப்பு வந்தது; சிலவற்றை மாற்றியே ஆக வேண்டும் என்றார்கள். அடுத்த மாதம், நவம்பரில், மென்பொருள் புதுப்பிக்கப்படாத சாம்சங் கைபேசியிலிருந்து டிரிபிள் ஜீரோவுக்கு அழைப்புப் போகாத நிலையில் சிட்னியில் தங்கள் வாடிக்கையாளர் ஒருவர் இறந்ததாக, வோடஃபோனை நடத்தும் டிபிஜி நிறுவனமே அறிவித்தது.

பூடிலில் பிரவுசர் இறங்கிப்போன அதே பாதைதான் இது. ஏதாவது தவறினால் மட்டும் போகும் பாதை. வழக்கமாக யாரும் நடக்காத பாதை. அதன் முடிவில், எப்போதோ நிறுத்தப்பட்ட ஒன்றின் பெயர். இதை எழுதிய பொறியாளர் அலட்சியமானவர் என்று நான் நினைக்கவில்லை. எழுதிய நாளில் அது முழுக்கச் சரியாகவே இருந்தது. அந்தப் பெயர் இருக்கும் இடத்தைத் தொட்டு, இது இன்னும் இருக்கிறதா என்று கேட்கும் சோதனை ஒன்று இல்லாமல் போனதுதான் குறை. நம் அலுவலகத்தில் சிவப்பாகும் டெஸ்ட் அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறது, யாருக்கும் எந்தத் தீங்கும் நேராத ஒரு நேரத்தில். அதை எரிச்சலோடு பார்க்கும் இளைஞர்களிடம் இதைச் சொல்லவே இன்று ஒப்புக்கொண்டு வந்தேன்.

இனி வரப்போவது டிஎல்எஸ் 1.0ஐவிடப் பெரியது. ஆஸ்திரேலியன் சிக்னல்ஸ் டைரக்டரேட் தன் தகவல் பாதுகாப்புக் கையேட்டில், ஆர்எஸ்ஏ, இசிடிஎச், இசிடிஎஸ்ஏ ஆகிய குறியாக்க முறைகளுக்கு 2030க்குப் பிறகு ஒப்புதல் இல்லை என்று 2024 டிசம்பரில் எழுதியது. குவாண்டம் கணினி அவற்றை உடைக்கும் நாள் வருமுன் மாறிவிட வேண்டும் என்பது நோக்கம். அமெரிக்காவின் திட்டம் 2035வரை இடம் கொடுக்கிறது. ஆஸ்திரேலியா ஐந்து ஆண்டு முந்திக்கொண்டது. 2026 இறுதிக்குள் விரிவான திட்டம், 2028 இறுதிக்குள் முக்கிய அமைப்புகளில் மாற்றம் தொடங்கியிருக்க வேண்டும், 2030 இறுதிக்குள் முடிந்திருக்க வேண்டும் என்று படிகளும் சொல்லியிருக்கிறார்கள். இப்போது நாம் எழுதும் டெஸ்ட்களில் ஆர்எஸ்ஏ சான்றிதழ் இல்லாத டெஸ்ட் எத்தனை? கணக்கெடுத்துப் பார்த்தால் திகைத்துப்போவீர்கள்.

பழையது போகும்போது மட்டும் உடைவதில்லை, புதியது வரும்போதும் உடையும். 2024 ஏப்ரலில் குரோம் 124 குவாண்டம் தாங்கும் சாவிப் பரிமாற்றத்தை இயல்புநிலையாக்கியது. அதன் பொதுச்சாவி ஒன்றே 1184 பைட். அதனால் கைகுலுக்கலின் முதல் செய்தி ஒரே பாக்கெட்டில் அடங்காமல் இரண்டாகப் போனது. முதல் செய்தி எப்போதும் ஒரே துண்டாக வரும் என்று எண்ணி எழுதப்பட்ட சர்வர்களும் ஃபயர்வால்களும் திணறின. தரநிலை அப்படி எங்கும் சொல்லவில்லை. இத்தனை ஆண்டும் ஒரே துண்டாக வந்ததால் அப்படித்தான் வரும் என்று எல்லாரும் இருந்துவிட்டார்கள்.

ஆகவே இங்கே இருக்கும் துறைக்காரர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் சோதனைச் சூழலின் நகல் ஒன்றை எடுங்கள். அதில் மட்டும் ஆர்எஸ்ஏயை முழுக்க முடக்குங்கள். டிஎல்எஸ் 1.3க்குக் கீழே எதுவும் வேண்டாம் என்று வையுங்கள். இரவில் எல்லா டெஸ்ட்களையும் ஓட்டுங்கள். காலையில் சிவப்பானவற்றின் பட்டியல் கிடைக்கும். எதையும் உடனே திருத்த வேண்டாம். ஒவ்வொன்றின் பக்கத்திலும், இது யாருடைய கருவி, யாருடைய சர்வர், அதை மாற்றும் அதிகாரம் யாரிடம் என்று எழுதுங்கள். பதில் தெரியாதவற்றைத் தனியே வையுங்கள். முதலில் கவனிக்க வேண்டியவை அவை. தற்காலிகமாகப் பழையதைத் திறந்துவைக்க வேண்டிய கட்டாயம் வந்தால், அந்த வரிக்கு மேலே திறந்தவர் பெயரும் மூட வேண்டிய தேதியும் இருக்கட்டும். அந்தத் தேதி தாண்டினால் தானாகச் சிவப்பாகும் டெஸ்ட் ஒன்றும் கூடவே இருக்கட்டும். 2026 இறுதிக்குள் வேண்டும் என்று கேட்கும் திட்டத்தின் முதல் பக்கம் அந்தப் பட்டியல்தான்.

பெற்றோர்களுக்கு: உங்கள் கைபேசியின் மென்பொருள் புதுப்பிப்பைப் பிள்ளைகளிடம் சொல்லி இன்றிரவே பார்த்துவிடுங்கள். ஊரிலிருந்து வரப்போகும் உறவினரிடம் கைபேசியின் மாதிரியைக் கேட்டு, அது இங்கே அவசர அழைப்புக்கு ஏற்றதா என்று தொலைபேசி நிறுவனத்தில் முன்பே விசாரியுங்கள். டிரிபிள் ஜீரோவை அழைத்துச் சோதித்துப் பார்க்காதீர்கள்; அந்த இணைப்பு வேறொருவருக்குத் தேவைப்படும்.

கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். மருத்துவமனை, வங்கி, போக்குவரத்து அமைப்புகளில் வேலை செய்கிறவர்கள் முதலில் கேளுங்கள்.